விசுவாசம் யாரிடம் கேட்கப்படுகிறது? – ‘மெட்ராஸ் கஃபே’ படமும் தடைக் கூச்சலும்

2013 ஆகஸ்ட் 23 அன்று வெளியான ‘மெட்ராஸ் கஃபே’ என்ற இந்தித் திரைப்படம் தமிழ்நாட்டின் திரையரங்குகளுக்குள் நுழையவில்லை. மும்பையில் எதிர்ப்புக் குரல்களுக்கிடையே திரைக்கு வந்தது. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழ் மக்கள் முன் அப்போது இரண்டு கேள்விகள் வீசப்பட்டன. தமிழனாகப் பிறந்துவிட்டு இந்தப் படத்தைத் தடை செய்யச் சொல்லாமல் இருக்கலாமா என்பது ஒன்று. இந்தியனாக இருந்துகொண்டு இந்தப் படத்தைக் குறை கூறலாமா என்பது மற்றொன்று. எதிரெதிர் முகாம்களிலிருந்து எழுந்தாலும் இரண்டும் ஒரே கேள்விதான்: நீ யாருக்கு விசுவாசமானவன்?

படம் கேட்பதும் அதையேதான். கேட்கக் கூடாதவர்களிடம் கேட்கிறது. கேட்க வேண்டியவர்களை விட்டுவிடுகிறது. அதன் அடிப்படைக் குறை அங்கேதான் இருக்கிறது. அந்தக் குறையைத் தடை கோருவோரும் பார்க்கவில்லை, புகழ்வோரும் பார்க்கவில்லை.

உளவுத்துறைக் கோப்பாகச் சுருங்கிய வரலாறு

சூஜித் சர்க்கார் இயக்கி, ஜான் ஆபிரகாம் தயாரித்து நடித்திருக்கும் இப்படம் எண்பதுகளின் இறுதியில் தொடங்குகிறது. இராணுவ அதிகாரி விக்ரம் சிங் ‘ரா’ உளவு அமைப்பின் பணிக்காக யாழ்ப்பாணம் அனுப்பப்படுகிறார். அண்ணா பாஸ்கரன் தலைமையிலான ஆயுத இயக்கத்தைப் பிளப்பதும், அதற்காகப் போட்டித் தலைவர் ஒருவருக்கு ஆயுதம் கொடுப்பதும் அவருக்கு இடப்பட்ட வேலை. உடன் பணியாற்றும் பாலா என்ற அதிகாரி தகவல்களை எதிரிகளுக்குக் கசியவிடுகிறார். விக்ரமின் மனைவி கொல்லப்படுகிறார். முன்னாள் பிரதமரைக் கொல்லச் சதி நடப்பது தெரிய வருகிறது. அதைத் தடுக்க இயலவில்லை. ஆண்டுகள் பல கழிந்தபின் கசௌலியின் தேவாலயம் ஒன்றில் பாதிரியாரிடம் விக்ரம் சொல்லும் கதையாக எல்லாம் விரிகிறது. பெயர்கள் மாற்றப்பட்டிருப்பினும் யார் யாரைக் குறிக்கின்றன என்பது பார்ப்போர் அனைவருக்கும் தெரியும்.

காஷ்மீரைக் களமாகக் கொண்ட ‘யஹான்’ படத்தை 2005இல் எடுத்தவர் என்பதால் இயக்குநர்மீது எதிர்பார்ப்பு இருந்தது. வழக்கமான ஆடல் பாடல்கள் இல்லை. போர்க்களக் காட்சிகள் கவனத்தோடு எடுக்கப்பட்டுள்ளன. இவற்றை மறுப்பதற்கில்லை. ஆயினும் முப்பதாண்டுக் காலம் ஒரு தீவைச் சுட்டெரித்த இனப்பிரச்சினை, ‘சரியான நேரத்தில் தகவல் வந்து சேரவில்லை’ என்ற அலுவலகத் தவறாகச் சுருங்கிவிடுகிறது. ஈழத் தமிழர் துயரம் சில காட்சிகளாகவும் பின்னணிக் குரலாகவும் வந்து போகிறது. படம் முழுவதும் நிறைந்திருப்பது ஓர் அதிகாரியின் தனிப்பட்ட சோகம் மட்டுமே.

இந்தக் கதைக்கு முன்கதை உண்டு. 1948இல் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து மலையகத் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது இலங்கையின் ஆளும் வர்க்கம். அந்தத் தொழிலாளர்களின் உழைப்பில் விளைந்த தேயிலைதான் அந்நாட்டின் கருவூலத்தை நிரப்பியது. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 மனிதர்களை இந்தியாவுக்கு அனுப்புவதென்று அவர்களைக் கேளாமலே முடிவு செய்தது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. 1983 ஜூலையில் கொழும்பின் தெருக்களில் தமிழர்கள் வேட்டையாடப்பட்டனர். துப்பாக்கி ஏந்திய இளைஞர்கள் இந்த மண்ணிலிருந்து முளைத்தவர்கள். இதைச் சொல்வது அவர்கள் பின்னர் செய்த கொலைகளை நியாயப்படுத்துவதாகாது. நோயின் காரணத்தைச் சொல்லாமல் காய்ச்சலை மட்டும் காட்டுவது மருத்துவமல்ல என்பதே இதன் பொருள்.

தனிமனிதர் மாறினால் துரோகம், அரசு மாறினால் கொள்கை

படத்தில் துரோகி யார்? பாலா. அவர் விலைபோனதற்குக் காரணம் என்ன? தனிப்பட்ட பலவீனம். நாயகன் வடபுலத்து இராணுவ வீரர். காட்டிக் கொடுப்பவர் தென்னகப் பெயர் தாங்கிய அதிகாரி. இது தற்செயலாகவே அமைந்திருக்கலாம். ஆனால் ‘உளவுச் சிலிர்ப்பு’ வகைப் படங்களில் துரோகம் எப்போதும் ஏதோ ஒரு மனிதரின் இச்சையிலோ பேராசையிலோதான் பிறக்கிறது. அரசுகள் வாக்கு மாறுவது அவற்றில் துரோகம் என்ற பெயரைப் பெறுவதே இல்லை.

நடந்தவற்றை வரிசையாக எண்ணிப் பார்க்கலாம். 1983க்குப் பின் ஈழ இயக்கங்களுக்கு இந்திய மண்ணில் ஆயுதப் பயிற்சி அளித்தது புதுதில்லி அரசு. 1987 ஜூலை 29 அன்று அந்த மக்களின் எதிர்காலம் குறித்து ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். மூன்று மாதங்களுக்குள், அமைதி காக்கச் சென்ற படை போரில் இறங்கியது. அவ்வாண்டு அக்டோபரில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியரும் உள்ளிட்ட 60க்கும் மேற்பட்டோர் இந்தியப் படையினரால் கொல்லப்பட்டனர். 1990 மார்ச்சில் படை திரும்பியபோது, ஏறத்தாழ 1,200 இந்தியப் படைவீரர்களும் உயிரிழந்திருந்தனர். இந்தியப் படையை எதிர்ப்பதற்காக, இலங்கைக் குடியரசுத் தலைவர் பிரேமதாசாவின் அரசே புலிகளுக்கு ஆயுதம் கொடுத்தது. நேற்றைய பகைவன் இன்று நண்பன். இன்றைய நண்பன் நாளை பகைவன். இப்படி அணி மாறிய அரசுகளிடம், உங்கள் விசுவாசம் யாருக்கு என்று எந்தப் படமும் கேட்டதில்லை.

போட்டி இயக்கத்துக்கு உளவுத்துறை ஆயுதம் கொடுப்பதை ‘மெட்ராஸ் கஃபே’ மறைக்கவில்லை. அதையே அச்சாக வைத்துக் கதையை நகர்த்தியிருந்தால், பிற நாட்டு மக்களின் உரிமைப் போராட்டத்தைத் தன் ஆட்டக் காயாக்கும் அரசைப் பற்றிய படமாக இது உயர்ந்திருக்கும். ஆனால் படம் அதைத் திட்டமிட்டபடி நிறைவேறாத ஒரு ‘நடவடிக்கை’ என்ற அளவிலேயே கடந்து செல்கிறது.

ஹாலிவுட் காட்டிய வழி

இந்த வார்ப்பு புதிதல்ல. 1997இல் ஆலன் பக்குலா இயக்கிய ‘தி டெவில்ஸ் ஓன்’ என்ற ஹாலிவுட் படம் இதற்கு முன்னோடி. வட அயர்லாந்துச் சிறுவன் ஒருவன் வீட்டு உணவு மேசையில் தந்தை சுட்டுக் கொல்லப்படுவதைக் காண்கிறான். வளர்ந்து ஐரிஷ் குடியரசுப் படையில் சேர்ந்தபின், ஏவுகணை வாங்குவதற்காகப் பொய்ப் பெயரில் நியூயார்க் வருகிறான். ஐரிஷ் வம்சாவளியைச் சேர்ந்த நேர்மையான காவலர் ஒருவரின் வீட்டிலேயே அவனுக்குத் தங்க இடம் கிடைக்கிறது. விருந்தோம்பலுக்கும் சட்டத்துக்கும் இடையே, இனப்பாசத்துக்கும் கடமைக்கும் இடையே அந்தக் காவலர் தவிக்கிறார். இறுதியில் அவர் கையாலேயே அந்த இளைஞன் சாகிறான்.

பிராட் பிட், ஹாரிசன் ஃபோர்டு என இரு பெரும் நட்சத்திரங்கள் நடித்தும் படம் ஏமாற்றமே தந்தது. திரைக்கதை முடிவாகாமலே படப்பிடிப்பு நடந்ததைப் பிராட் பிட்டே வெளிப்படையாகச் சாடினார். ஆனால் அதன் தோல்விக்குத் திரைக்கதைக் குளறுபடி மட்டும் காரணமல்ல. 1972இல் டெர்ரி நகரில் குடிமை உரிமை கோரி ஊர்வலம் சென்ற மக்கள்மீது பிரிட்டிஷ் படை சுட்டதில் அன்றே 13 பேர் மாண்டனர். 1981இல் சிறையில் உண்ணாநோன்பிருந்து பாபி சாண்ட்ஸ் உள்ளிட்ட 10 பேர் உயிர் நீத்தனர். ஒரு தீவின் பல நூற்றாண்டு அடிமைத்தனம், தந்தையை இழந்த மகனின் பழிவாங்கலாகவும், இரு ஆண்களுக்கிடையிலான நட்புச் சிக்கலாகவும் படத்தில் குறுகிப்போனது. அங்கே தந்தையின் சாவு. இங்கே மனைவியின் சாவு. கண்ணீர் தனிப்பட்டதாகிவிட்டால் அரசியல் கேள்வி கேட்க வேண்டியதில்லை என்பதே இவ்வகைப் படங்களின் சூத்திரம்.

அந்தப் படம் திரையில் ஓடிய அதே ஆண்டு ஜூலையில் அயர்லாந்தில் போர்நிறுத்தம் மீண்டும் வந்தது. 1998 ஏப்ரல் 10 அன்று பெல்ஃபாஸ்டில் உடன்பாடு கையெழுத்தானது. அடுத்த மாதமே மக்கள் அதற்கு வாக்களித்து ஒப்புதல் தந்தனர். தீர்வே இல்லாத இரத்தப் பகை என்று ஹாலிவுட் காட்டியதற்கு, பேச்சுவார்த்தை மேசையில் அம்மக்கள் வழி கண்டுகொண்டிருந்தனர்.

மும்பைக்குப் பழகிய கேள்வி

‘நீ யாருக்கு விசுவாசமானவன்’ என்ற கேள்வி மும்பைத் தமிழருக்குப் புதிதல்ல. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்து, சதுப்பு நிலத்தைத் தூர்த்துத் தாராவியை உருவாக்கியவர்களில் தமிழ் உழைப்பாளிகள் முன்வரிசையில் இருந்தனர். எழுத்தர்களும் தட்டச்சர்களும் ஆசிரியர்களும் மாட்டுங்காவில் குடியேறினர். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் செம்பூருக்கு ஆட்களை ஈர்த்தன. சாதியாலும் வர்க்கத்தாலும் பிரிந்து கிடந்த இவர்கள் அனைவரையும் ‘மதராசி’ என்ற ஒற்றைச் சொல்லில் இந்நகரம் அடைத்தது.

மாட்டுங்காவில் ‘கஃபே மெட்ராஸ்’ என்ற பெயரிலேயே பழம்பெரும் உணவகம் ஒன்று இருக்கிறது. உடுப்பி வழிவந்த குடும்பம் 1940இல் தொடங்கிய அங்கே குஜராத்தியரும் மராத்தியரும் தமிழரும் இடம் பிடிக்கக் காத்து நின்று இட்லியும் காப்பியும் அருந்திச் செல்கின்றனர். திரைப்படத்திலோ அதே பெயரைச் சற்றே மாற்றித் தாங்கிய இடம் சதிகாரர்கள் கூடிப் பேசும் களமாகிறது. இரண்டுக்கும் தொடர்பில்லைதான். எனினும் தென்னாட்டு உணவகம் ஐயத்துக்குரிய இடமாக்கப்பட்ட காலம் ஒன்று இந்நகரில் மெய்யாகவே இருந்தது.

1966 ஜூன் 19 அன்று சிவசேனை தொடங்கப்பட்டது. உயர் பதவிகளில் இருந்த தென்னிந்தியர்களின் பெயர்ப் பட்டியல்களை வெளியிட்டு வெறுப்பை வளர்த்தது பால் தாக்கரேயின் ‘மார்மிக்’ வார இதழ். வேட்டியையும் லுங்கியையும் இழிவுபடுத்தும் முழக்கங்கள் எழுந்தன. உடுப்பி உணவகங்கள் நொறுக்கப்பட்டன. மண்ணின் மைந்தனுக்கு வேலை என்ற பெயரில் நடந்த இந்த ஆட்டத்தின் உண்மைக் குறி விரைவிலேயே வெளிப்பட்டது. 1967 டிசம்பரில் பரேலில் கம்யூனிஸ்ட் கட்சியின் தால்வி கட்டட அலுவலகம் தாக்கப்பட்டது. 1970 ஜூன் 5 அன்று பரேல் தொகுதியின் கம்யூனிஸ்ட் சட்டமன்ற உறுப்பினர் கிருஷ்ணா தேசாய் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் மராத்தியர், மராத்தித் தொழிலாளர்களின் அன்பைப் பெற்றவர். மராத்தியரைக் காக்கப் பிறந்ததாகச் சொல்லிக்கொண்ட சேனையினரின் கை அவர் இரத்தத்தில் நனைந்தது. அதைத் தொடர்ந்த இடைத்தேர்தலில் அவர் மனைவி சரோஜினி தேசாயைத் தோற்கடித்தே சிவசேனை முதன்முதலாகச் சட்டமன்றம் நுழைந்தது. செங்கொடிச் சங்கங்களை உடைக்க இப்படி ஒரு படை கிடைத்ததில் ஆலை முதலாளிகள் மகிழ்ந்தனர். அன்றைய காங்கிரஸ் ஆட்சி கண்டும் காணாமல் இருந்தது.

விசுவாசத்தை மொழியால் அளப்பவர்கள் இறுதியில் யார் கழுத்தில் கத்தி வைப்பார்கள் என்பதை இந்நகரத்துத் தொழிலாளி வர்க்கம் தன் இரத்தத்தால் கற்றிருக்கிறது.

தடை கேட்பவர்கள் யார்?

அப்போது தடை கேட்டு மும்பையில் குரல் எழுப்பியவர்களில் பாரதிய ஜனதா கட்சியினரும் உண்டு. 1989 முதல் சிவசேனையோடு கூட்டணி கண்டு வந்த கட்சி, தமிழர் மனம் புண்படுகிறது என்று கண்ணீர் வடித்தது. லுங்கி கட்டியவர்களை விரட்டிய சேனையோடு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மேடையைப் பகிர்ந்துகொண்டபோது புண்படாத மனம், நாடாளுமன்றத் தேர்தல் நெருங்கிய வேளையில் புண்பட்டது. தாராவி, சயான் பகுதிகளின் வாக்காளர் பட்டியலைப் புரட்டினால் காரணம் விளங்கும்.

தமிழ்த் தேசியம் பேசுவோர் கூறுவது வேறு. புலிகளைப் பயங்கரவாதிகளாகக் காட்டிவிட்டார்கள் என்பது அவர்களது குற்றச்சாட்டு. நேர்மையோடு பதில் சொல்ல வேண்டிய இடம் இது. 1986இல் டெலோ இயக்கத்தின் இளைஞர்களை யாழ்ப்பாணத் தெருக்களில் கொன்று குவித்தவர்கள் யார்? 1989 ஜூலையில் அமிர்தலிங்கத்தைக் கொழும்பில் அவர் வீட்டிலேயே சுட்டவர்கள் யார்? 1990 ஜூனில் சென்னை கோடம்பாக்கத்தில் ஈழ மக்கள் புரட்சிகர விடுதலை முன்னணியின் பொதுச் செயலாளர் பத்மநாபாவைத் தோழர்களோடு கொன்றவர்கள் யார்? அதே ஆண்டு அக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் அனைவரையும், யாழ்ப்பாண நகரில் இரண்டு மணி நேர அவகாசம் மட்டுமே தந்து, துரத்தியவர்கள் யார்? 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததும் இந்த வரிசையில் வருவதே. மராத்தியர் பெயரால் மராத்தியத் தலைவர் கொல்லப்பட்டதைப் போலவே தமிழர் பெயரால் தமிழர் தலைவர்கள் கொல்லப்பட்டனர். ஒரு படம் இதைச் சொன்னதற்காகத் தடை செய்யப்பட வேண்டும் என்பது ஏற்கத்தக்கதன்று.

தணிக்கைக் குழுவின் சான்று பெற்ற படத்தைத் தெருவில் நின்று நிறுத்தும் உரிமையை இன்று ஒருவருக்குக் கொடுத்தால், நாளை அதே உரிமையோடு சிவசேனையும் வரும். சங்கப் பரிவாரமும் வரும். அவர்கள் நிறுத்தச் சொல்வது உழைக்கும் மக்களைப் பற்றிய படமாக இருக்கும். படத்துக்குப் பதில் விமர்சனம். பொய்க்கும் அரைகுறை மெய்க்கும் பதில் முழு உண்மை. இடதுசாரிகளின் நிலை இதுவே.

படம் அறியாத மூன்றாவது விசுவாசம்

‘மெட்ராஸ் கஃபே’க்கும் ‘தி டெவில்ஸ் ஓன்’ படத்துக்கும் தெரிந்த விசுவாசங்கள் இரண்டே: அரசுக்கு அல்லது துப்பாக்கிக்கு. மக்களுக்கு விசுவாசமாக இருந்து, அதன் காரணமாகவே எல்லாத் துப்பாக்கிகளுக்கும் இலக்கானவர்களை இவை அறியா.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திரணகம அப்படிப்பட்டவர். தொடக்கத்தில் புலிகளை ஆதரித்தவர். காயமுற்ற போராளிகளுக்கு மருத்துவம் பார்த்தவர். பின்னர் விலகி, மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பை உருவாக்குவதில் பங்கேற்றார். இலங்கைப் படையின் கொடுமையையும் இந்தியப் படையின் கொடுமையையும் புலிகளின் கொடுமையையும் ஒரே நேர்மையோடு பதிவு செய்தார். அவரும் மூன்று சக ஆசிரியர்களும் சேர்ந்து எழுதியதே ‘முறிந்த பனை’. 1989 செப்டம்பர் 21 அன்று பணி முடித்து மிதிவண்டியில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 35. கொன்றவர்கள் புலிகளே என்பது அவர் குடும்பத்தாரும் சக ஆசிரியர்களும் கூறி வருவது. அவரைப் பற்றி 2005இல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் ஆவணப்படம் ஒன்றை வெளியிட்டது. கோடிகள் புரளும் மும்பைத் திரையுலகின் கண்ணுக்கு இப்படி ஒரு மனிதர் படவில்லை. தேவாலயத்தில் புலம்பும் உளவு அதிகாரிதான் பட்டார்.

2013 செப்டம்பர் 21 அன்று, ராஜினி கொல்லப்பட்ட அதே நாளில், இலங்கையின் வட மாகாணம் தனக்கெனத் தனியாக அமைந்த முதல் மாகாண சபைக்கு வாக்களித்தது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் முதன்மை வேட்பாளராக ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி விக்னேஸ்வரன் களத்தில் நின்றார். மாகாணங்களுக்கு நிலம், காவல்துறை அதிகாரங்கள் வழங்கும் பதின்மூன்றாவது திருத்தத்தை வெட்டிச் சுருக்க அன்றைய ராஜபக்சே அரசு முனைந்து நின்றது. 2009இல் முள்ளிவாய்க்காலில் முடிந்த போரின் இறுதிக் கட்டத்தில் 40,000 பேர் வரை மாண்டிருக்கலாம் என்று ஐ.நா. வல்லுநர் குழு கூறியதற்கு இன்றுவரை நம்பகமான விசாரணை இல்லை. வடக்கில் மக்களின் நிலங்கள் இன்னமும் இராணுவத்தின் பிடியில் இருக்கின்றன.

தெற்கிலும் ஒரு செய்தி உண்டு. 2013 ஆகஸ்ட் 1 அன்று கம்பஹா மாவட்டம் வெலிவேரியாவில், தொழிற்சாலைக் கழிவால் கெட்டுப்போன குடிநீருக்கு நியாயம் கேட்டு வீதிக்கு வந்த சிங்கள மக்கள்மீது இராணுவம் சுட்டது. மூவர் மாண்டனர். தமிழரை அடக்கத் தீட்டிய ஆயுதம் தண்ணீர் கேட்ட சிங்களவர் பக்கம் திரும்ப நான்கே ஆண்டுகள் போதுமானதாயின. வெலிவேரியாவின் சிங்கள உழைப்பாளியையும் கிளிநொச்சியின் தமிழ் விவசாயியையும் ஒரே அணியில் நிறுத்தும் அரசியல் எது என்பதே இன்றைய கேள்வி. உளவுப் படங்களுக்கு இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியாது. தடை கோரும் இனவாதிகளுக்கு இதைக் கேட்க விருப்பமில்லை.

தாராவிச் சந்துகளிலும் செம்பூர்க் குடியிருப்புகளிலும் பணியாற்றும் தோழர்கள் இந்தப் படத்தைப் பற்றி மக்கள் கேட்கும்போது ஒதுங்கிச் செல்லலாகாது. படத்தைப் பார்த்தவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். அது சொன்னவற்றில் எவை உண்மை, சொல்லாமல் விட்டவை எவை என்று எடுத்துரைக்க வேண்டும். பதின்மூன்றாவது திருத்தத்தை முழுமையாக நிறைவேற்றச் செய், நிலங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கச் செய், போர்க்குற்றங்கள்மீது நம்பகமான விசாரணைக்கு வலியுறுத்து என்று இந்திய அரசை நிர்ப்பந்திக்கும் கோரிக்கைகளை அந்தப் பேச்சிலிருந்தே எழுப்ப வேண்டும். உன் விசுவாசம் யாருக்கு என்று இனி எவரேனும் தமிழ் உழைப்பாளியைக் கேட்டால், அவர் அந்தக் கேள்வியை அப்படியே ஆட்சியாளர்களிடம் திருப்பிவிடட்டும். பதில் சொல்ல வேண்டிய கடன் அவர்களுடையது.